விண்டோஸ் 11 தேறியதா? மேசைக்கு மேசை பதில் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 11 தேறிவிட்டதா, தோற்றுவிட்டதா என்று தங்கள் வாசகர் கடிதப் பகுதியில் சில வாரங்களாக நடக்கும் வாதத்தைப் படித்துவருகிறோம். நூறு கோடிப் பேர் பயன்படுத்துகிறார்கள், இதற்குமேல் என்ன பேச்சு என்கிறது ஒரு தரப்பு. விண்டோஸ் 10 போதும், புதியது வெறும் தொல்லை என்கிறது மறு தரப்பு. நீலகிரியில் கணினிகளைத் திறந்து மூடுவதே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு இரண்டுமே பாதிப் பேச்சாகத்தான் படுகிறது. இந்த இயங்குதளம் எந்த மேசையில் நிற்கிறது, எதில் சறுக்குகிறது, ஏன் சறுக்குகிறது என்பதை எழுதுகிறோம். கடிதம் நீண்டுவிட்டது. சுருக்க நேர்ந்தால் எண்களை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

முதலில் அந்த நூறு கோடி. 2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11, நூறு கோடிப் பயனர்களைத் தொட்டதாக மைக்ரோசாஃப்ட் 2026 ஜனவரியில் அறிவித்தது. விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29. அது நூறு கோடியை எட்டியதாக அறிவிப்பு வந்தது 2020 மார்ச்சில். ஓட்டத்தில் புதியது சில மாதம் முந்திக்கொண்டது உண்மை. ஆனால் விண்டோஸ் 8-ம் ஆறே மாதத்தில் 10 கோடி உரிமங்கள் விற்றதுதான். அதை இன்று வெற்றி என்று சொல்ல ஆள் கிடைக்காது. கடையில் மடிக்கணினி வாங்குகிறவருக்கு விண்டோஸ் 11 கூடவே வருகிறது. வண்டியோடு வரும் ஸ்டெப்னி டயரை யாராவது விரும்பித் தேர்ந்தெடுத்தார் என்று கணக்கில் எழுதுவோமா?

இன்னொரு கணக்கு, இணையப் பயன்பாட்டை அளக்கும் ஸ்டாட்கவுன்டர் நிறுவனம் தருவது. 2025 ஜூலையில் விண்டோஸ் 11, 10-ஐ முந்தியது என்று செய்தி வந்ததே, அது அங்கிருந்து வந்தது. அந்த நிறுவனம் கணினிகளை எண்ணுவதில்லை. தன் நிரலைப் பதித்திருக்கும் இணையதளங்களில் எத்தனை பக்கங்கள் திறக்கப்பட்டன என்று எண்ணுகிறது. நாள் முழுக்க இணையத்தில் இருக்கும் ஒரு மடிக்கணினி நூறு தடவை எண்ணப்படும். தேயிலைத் தொழிற்சாலையில் இணையமே இல்லாமல் எடைச் சீட்டு அடித்துக்கொண்டிருக்கும் கணினி ஒரு தடவைகூட எண்ணப்படாது. போதாக்குறைக்கு, விண்டோஸ் 10, 11 இரண்டுமே உலாவியின் அடையாள வரியில் தங்களை ‘என்டி 10.0’ என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. குரோமும் எட்ஜும் வேறு வழியில் உண்மையைச் சொல்லிவிடும். ஃபயர்ஃபாக்ஸ் அந்த வழியை வைத்திருக்கவில்லை. ஆகவே விண்டோஸ் 11-ல் ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர் பல கணக்குகளில் விண்டோஸ் 10 ஆள்தான்.

இதைவிட முக்கியம் ஒரு தேதி. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றன. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகள் மக்கள் நகராமல் இருந்ததற்கும், அதன்பின் மளமளவென்று நகர்ந்ததற்கும் காரணம் இந்தத் தேதி. பிடித்ததா பிடிக்கவில்லையா என்பது இதற்கு அப்புறம்தான். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் நேரம் பார்த்து அந்தத் தேதி அமைந்தது எங்கள் தலையெழுத்து.

சரி, மேசைக்கு வருவோம். விண்டோஸ் 11 கேட்பது 64 பிட் செயலி (பிராசசர்), 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் இயங்கும் பயோஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்), எழும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் வசதி, ரகசியச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு. இவற்றோடு, செயலி அவர்கள் வெளியிட்ட பட்டியலில் இருக்க வேண்டும். பெரும்பாலான பழைய கணினிகள் வாசலிலேயே நிற்பது இந்தப் பட்டியலால்தான். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்து. அதைக் கண்டுபிடிக்கக் கடைக்கு வர வேண்டியதில்லை. மடிக்கணினியின் ஸ்டிக்கரிலோ செட்டிங்ஸில் ‘அபவுட்’ பக்கத்திலோ ஐ5-7200யு என்று இருந்தால், கோடுக்கு அடுத்த 7 ஏழாம் தலைமுறையைக் குறிக்கிறது, தேறாது. ஐ5-8250யு என்றால் எட்டு, தேறும். ஐ5-10210யு என்றால் பத்து. செலரான் வகைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. என்4000 பட்டியலில் உண்டு, என்3060 கிடையாது. ஏஎம்டி-யில் ரைசன் 2000 வரிசை முதல் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அசெம்பிள் கணினிகளில் நிறையப் போன 2200ஜி, 2400ஜி இரண்டும் பெயரில் 2000 வைத்திருந்தாலும் உள்ளே முதல் தலைமுறைச் சரக்கு, அதனால் பட்டியலில் இல்லை. இதைத் தெரியாமல் பயோஸில் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு.

பட்டியல் முழுக்கப் பாதுகாப்பை வைத்துத்தான் போடப்பட்டது என்று வாதாடும் வாசகர்களுக்கு ஒரு தகவல். ஏழாம் தலைமுறையில் விலக்கு கிடைத்த மிகச் சில செயலிகளில் ஐ7-7820ஹெச்க்யூ ஒன்று. மைக்ரோசாஃப்ட் தானே விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2 கணினியில் இருந்தது அந்தச் செயலி. ஆளைப் பார்த்து இலை போட்ட கதைதான்.

ஆனால் வாசலில் நிறுத்தப்படும் கணினிகளில் ஒரு பங்கு உண்மையில் உள்ளே போகத் தகுதி உள்ளவை. 2018-க்குப் பிறகு அசெம்பிள் செய்த, எட்டாம் ஒன்பதாம் தலைமுறை டெஸ்க்டாப்புகள் இவை. ‘இந்தக் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை’ என்ற செய்தியைப் பார்த்ததும் புதிது வாங்கிவிடுகிறார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதுபோல, டிபிஎம் மதர்போர்டிலேயே இருந்தும் அணைந்து கிடக்கும். விண்டோஸ் சாவியோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ‘பயோஸ் மோட்’ என்ற வரியில் யூஇஎஃப்ஐ என்று இருந்தால் வேலை எளிது. பயோஸுக்குள் போய், இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும் டிபிஎம் வசதியை இயக்கி, செக்யூர் பூட்டையும் இயக்கினால் போதும். ‘லெகசி’, அதாவது பழைய முறை, என்று இருந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

லெகசி கணினியில் வட்டு எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். அதை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றிய பிறகுதான் பயோஸில் கை வைக்க வேண்டும். வரிசையை மாற்றிப் பயோஸை முதலில் திருப்பினால், ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று கறுப்புத் திரை வரும். தகவல் எதுவும் அழிந்திருக்காது. பயோஸைப் பழையபடி திருப்பி வைத்தால் கணினி எழுந்துவிடும். விஷயம் தெரியாதவர் அந்த இடத்தில் பயந்துபோய் வட்டையே அழித்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றிவிடுகிறார்.

மாற்றுவதற்கு விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. நிர்வாகி உரிமையோடு திறந்த கமாண்ட் பிராம்ப்ட் என்ற கட்டளைத் திரையில் முதலில் ‘வேலிடேட்’ என்று கொடுத்துச் சோதித்துவிட்டு, தேறினால் ‘கன்வெர்ட்’. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே செய்வதென்றால் இரண்டிலும் ‘அலோஃபுல்ஓஎஸ்’ என்பதையும் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் முட்டுக்கட்டை விழுவது சோதனையில்தான். மூன்றுக்கு மேல் முதன்மைப் பிரிவுகள் இருந்தாலோ, நீட்டிப்புப் பிரிவுக்குள் டி, இ, எஃப் என்று வெட்டியிருந்தாலோ கருவி மறுத்துவிடும். அசெம்பிள் கணினி என்றாலே நான்கு டிரைவ் வெட்டித் தருவது நம் ஊர் வழக்கம். ஆகவே அந்த டிரைவ்களில் இருப்பதை வெளி வட்டுக்கு எடுத்துவிட்டு, பிரிவுகளை நீக்கிய பிறகே மாற்ற முடியும். மாற்றி முடிந்ததும் பயோஸில், பழைய முறைக்கு இடம் கொடுக்கும் சிஎஸ்எம் என்பதை அணைக்க வேண்டும். அந்த நேரத்தில் திரை இருண்டே கிடந்தால் தனியாகச் செருகிய பழைய கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகப்படுங்கள். யூஇஎஃப்ஐ பேசத் தெரியாத கார்டுகள் இன்னும் நிறைய உலவுகின்றன. கார்டைக் கழற்றி, மதர்போர்டின் ஹெச்டிஎம்ஐ முனையில் கேபிளைச் செருகினால் படம் வந்துவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் கணினி எழ மறுத்தால், பழி விண்டோஸ் மேல் விழும். பெரும்பாலும் காரணம் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி. அது தீர்ந்ததும் பயோஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடுகிறது. டிபிஎம் அணைகிறது, சில போர்டுகளில் லெகசி முறைக்கே போய்விடுகிறது. கூடவே தேதியும் பின்னுக்கு ஓடுவதால், எழுந்தாலும் வங்கித் தளம், ஜிஎஸ்டி தளம் எல்லாம் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று கதவைச் சாத்தும். திரையின் மூலையில் கடிகாரம் தவறாக இருந்தால் வேறு எதையும் தொடும் முன் அந்தப் பேட்டரியை மாற்றுங்கள். இங்குள்ள குளிருக்கு, ஐந்தாறு வயதான பேட்டரியை நம்பவே கூடாது.

பட்டியலில் தேறிய கணினி எல்லாம் நன்றாக ஓடும் என்றும் இல்லை. எங்கள் கருத்தில் விண்டோஸ் 11-க்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது, எட்டாம் தலைமுறைச் செயலியோடு 4 ஜிபி ராமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் வைத்து விற்கப்பட்ட மடிக்கணினிகள்தான். நிபந்தனைப்படி தகுதி உண்டு. ஆனால் எழுந்து நிற்கவே ஐந்து நிமிடம், ஒரு கோப்பு திறக்க ஒரு நிமிடம். டாஸ்க் மேனேஜரில் ‘டிஸ்க்’ நூறு சதவீதத்திலேயே நிற்பதைப் பாருங்கள், காரணம் புரிந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வட்டு ஒன்றை 256 ஜிபி அளவில் போட்டு, ராமை 8 ஜிபி ஆக்கினால் அதே கணினி ஆளே மாறிவிடும். வாங்கும் முன் இரண்டைப் பாருங்கள். ராமுக்குத் தனி இடம் இருக்கிறதா, போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறதா? எஸ்எஸ்டி செருகும் எம்.2 துளை இருந்தால் அது என்விஎம்இ வகையை ஏற்குமா, சாட்டா வகையை மட்டும்தானா? மாற்றிப் போட்டால் செருகும், ஆனால் கணினி கண்டுகொள்ளாது.

ஒரு இடைச்செருகல். மலை உயரத்தில் ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை இங்கே உண்டு. வட்டின் முனை காற்று மெத்தையில் மிதப்பதால் உயரத்துக்கு ஒரு வரம்பு இருப்பது நிஜம். ஆனால் பொதுவாக அந்த வரம்பு 3,048 மீட்டர். உதகை சுமார் 2,240 மீட்டர். தொட்டபெட்டா உச்சியிலேயே கடை போட்டாலும் 2,637 மீட்டர்தான். இங்கே வட்டைக் கெடுப்பது மின்சாரமும் ஈரமும். உறைபனிக் காலையில் வண்டியில் கிடந்த மடிக்கணினியை வீட்டுக்குள் கொண்டுவந்த உடனே போடாதீர்கள், அரை மணி நேரமாவது ஆறட்டும்.

இனி, நூறு கோடிக் கணக்கில் எங்குமே வராத விஷயங்கள். கணினி என்பது பெட்டி மட்டும் இல்லை. அதோடு செருகிய பிரிண்டர், தராசு, டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய யூஎஸ்பி டோக்கன், கணினிக்குள் இருக்கும் எழுத்துரு எல்லாம் சேர்ந்ததுதான்.

தேயிலையிலிருந்து தொடங்குவோம். பசுந்தேயிலை எடை போடும் மின்னணுத் தராசுகள் பலவற்றில் இன்னும் ஒன்பது முள் சீரியல் முனைதான். கணினியில் அந்த முனை இல்லாததால் யூஎஸ்பி மாற்றி கேபிள் ஒன்றைச் செருகுவார்கள். விண்டோஸ் 11-க்கு மாறிய மறுநாள் எடை திரையில் வராது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் கேபிளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ‘பிஎல்2303ஹெச்எக்ஸ்ஏ 2012 முதல் கைவிடப்பட்டது, விற்றவரை அணுகவும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி நிற்கும். கேபிளுக்குள் இருக்கும் சில்லு பழையது அல்லது போலி. சில்லு தயாரித்த நிறுவனமே புதிய டிரைவரில் (கருவியை இயக்கும் மென்பொருளில்) அதை ஒதுக்கிவிட்டது. இயங்குதளத்தின் மேல் இதில் குற்றம் இல்லை. அவசரத்துக்கு அதே இடத்தில் ‘ரோல் பேக்’ கொடுத்துப் பழைய டிரைவருக்குத் திரும்பலாம். ஆனால் அடுத்த அப்டேட் அதை மறுபடி மாற்றிவிடலாம். எஃப்டிடிஐ அல்லது சிஹெச்340 சில்லு உள்ள கேபிள் ஒன்று வாங்கி, பழைய காம் போர்ட் எண்ணையே அதற்கும் கொடுத்துவிட்டால் எடை மென்பொருளில் எதையும் தொட வேண்டாம்.

டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ என்ற தரவுத்தள மென்பொருளில் எழுதிய இலைக் கணக்கு, சம்பளக் கணக்கு இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. அது நேரடியாக ஓடுவது 32 பிட் விண்டோஸில் மட்டும். விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் விண்டோஸ் 10-லிருந்து நேரடியாக மேம்படுத்தவும் வழியில்லை, துடைத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். இப்படிப்பட்ட கணினியை மாற்றவே மாற்றாதீர்கள். இணையத்தைப் பிடுங்கிவிட்டு, கணக்கு முழுவதையும் வாரம் ஒருமுறை பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு, புதிய மென்பொருள் எழுதி முடியும்வரை அப்படியே ஓட்டுங்கள்.

டிஜிட்டல் கையொப்ப டோக்கன் தெரியவில்லை என்பது டெண்டர் போடுகிறவர்களின் புலம்பல். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘கோர் ஐசொலேஷன்’ என்ற பக்கம் உண்டு. அதில் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ இயங்கிக்கொண்டிருந்தால், டோக்கனோடு வந்த பழைய டிரைவரை விண்டோஸ் தடுத்துவிடும். அதை அணைத்தால் டோக்கன் தெரியும் என்று சொல்லித்தருகிறார்கள். தெரியும்தான், பாதுகாப்பும் கூடவே போகும். டோக்கன் தயாரிப்பாளரின் தளத்தில் புதிய டிரைவர் இருக்கும், அதைப் போடுங்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வேண்டும் என்று கேட்கும் பழைய தளங்களுக்கு எட்ஜ் உலாவியின் செட்டிங்ஸிலேயே ‘ஐஇ மோட்’ இருக்கிறது. குறைந்தது 2029 வரை அது இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு பிரிண்டரை நான்கு பேர் பகிரும் அலுவலகங்களில் 11பி என்று முடியும் பிழை எண் பிரபலம். 2021 செப்டம்பர் அப்டேட்டோடு வந்தது அது. விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணைப் பூஜ்யமாக்கச் சொல்லும் வைத்தியம் ஊரெங்கும் பரவியிருக்கிறது. பாதுகாப்பு ஓட்டையை அடைக்கப் போட்ட பூட்டைத் திறந்துவிடும் வேலை அது. எல்லாக் கணினிகளையும் அப்டேட் செய்துவிட்டு, பிரிண்டரைத் தன் கணினியில் ‘லோக்கல் போர்ட்’ வழியாகச் சேர்த்தாலே பெரும்பாலும் அச்சாகிவிடும். விண்டோஸ் 11-ன் 2024 வெளியீடான 24ஹெச்2-வின் ப்ரோ பதிப்புக்கு மாறிய பிறகு பகிர்ந்த ஃபோல்டர் திறக்கவில்லை என்றால், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை அது மறுப்பதே காரணம். பகிரும் கணினியில் பெயரும் கடவுச்சொல்லுமாக ஒரு கணக்கு உண்டாக்கிக் கொடுங்கள்.

தமிழ் தட்டச்சு செய்கிறவர்களுக்குத்தான் பெரிய குழப்பம். பல ஆண்டுகளாக மனு எழுதிக்கொடுக்கும் கடைகளில் லதா எழுத்துருதான். விண்டோஸ் 10 காலத்திலேயே லதாவும் விஜயாவும் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்ற விருப்பத் தொகுப்புக்குள் தள்ளப்பட்டன. பழையதிலிருந்து மேம்படுத்தியவர்களுக்கு அது தொடர்ந்து இருந்திருக்கும். புதிதாக ஏற்றிய விண்டோஸ் 11-ல் இல்லாமல் போகலாம். அப்போது கோப்பு நிர்மலா எழுத்துருவில் திறக்கும். எழுத்து சரியாகவே தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் எழுத்தின் அகலமும் வரி உயரமும் மாறி, ஒரே பக்கத்தில் அடங்கிய மனு இரண்டாம் பக்கத்துக்கு வழியும். ‘இப்படிக்கு’ என்ற சொல்லும் கையெழுத்து இடமும் மட்டும் தனித் தாளில் வரும். செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ போய் அந்தத் தொகுப்பைச் சேர்த்தால் சரி. அதற்கு இணையம் வேண்டும்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களுக்கு வேறு கோளாறு. இரண்டு சொடுக்கில் நிறுவினால் அந்தப் பயனருக்கு மட்டும் பதியும். பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் பலவற்றின் கண்ணில் அது படாது. எழுத்துருவின் மேல் வலச்சொடுக்கி ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ கொடுக்க வேண்டும். தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் விண்டோஸிலேயே இருக்கின்றன. பழைய தட்டச்சு முறையில் பழகிய விரல்களுக்கு மட்டும் தனி மென்பொருள் தேவை.

இணையமும் மின்சாரமும் மலையில் தனிக் கதை. 10-லிருந்து 11-க்குப் போக ஒவ்வொரு கணினியும் 4 ஜிபி-க்கு மேல் இறக்கும். மஞ்சூரிலோ பந்தலூர் உட்பகுதியிலோ செல்பேசி சிக்னலை நம்பி பத்துக் கணினிக்கு இதைச் செய்ய முடியாது. உதகையிலோ குன்னூரிலோ நல்ல இணைப்பில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று தயாரித்து எடுத்துப் போங்கள். ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கி, அதில் உள்ளதை ஃபேட்32 முறையில் அமைந்த பென் டிரைவில் வெறுமனே நகலெடுத்தால் வேலைக்காகாது. ஃபேட்32-ல் ஒரு கோப்பு 4 ஜிபி-யைத் தாண்டக் கூடாது, உள்ளிருக்கும் முக்கியக் கோப்பு அதைத் தாண்டிவிடும். மாதாந்திர அப்டேட்டுகளுக்கு, ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ பக்கத்தில் உள்ளூர் வலையில் இருக்கும் கணினிகளிலிருந்து பெறலாம் என்பதை இயக்கிவிட்டால் பெரும்பகுதியை ஒரு கணினி இறக்க, மற்றவை அதனிடமிருந்து எடுத்துக்கொள்ளும்.

புதிதாக ஏற்றும்போது, ‘ஏதாவதொரு வலையில் இணையுங்கள்’ என்ற திரையில் கணினி நின்றுவிடும். வைஃபை டிரைவர் இன்னும் ஏறியிருக்காது. செல்பேசியைக் கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் போட்டால் பெரும்பாலும் தாண்டிவிடலாம். அடுத்து மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். இங்கே கவனம். 24ஹெச்2 முதல், புதிதாக ஏற்றும் கணினியில் வட்டில் உள்ளது தானாகவே குறியாக்கம் செய்து பூட்டப்படுகிறது. அதன் 48 இலக்கச் சாவி, அமைத்துக் கொடுக்கும்போது எந்தக் கணக்கு போடப்பட்டதோ அதில் போய் உட்காரும். கடைக்காரர் ஏதோ ஒரு மின்னஞ்சலைப் போட்டு அமைத்துக் கொடுத்தால், இரண்டு வருடம் கழித்து பயோஸ் மாற்றத்தின்போது கணினி சாவி கேட்கும், சாவி யாரிடமும் இருக்காது. படங்கள், கணக்கு, பிள்ளைகளின் திட்டப்பணி எல்லாம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், எந்தக் கடையாலும் எடுக்க முடியாது. உங்கள் கணக்கில்தான் அமைக்க வேண்டும் என்று கடையிலேயே நின்று சொல்லுங்கள். சாவியைத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள்.

பெரிய மேம்பாட்டை யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். சுழலும் வட்டில் அது ஒரு மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். கூடலூர்ப் பக்கம் ஆனியிலும் ஆடியிலும் கம்பி மேல் மரம் விழுந்தால் மின்சாரம் எப்போது திரும்பும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. மேம்படுத்திய பின் ஒத்துவரவில்லை என்றால் 10 நாளுக்குள் செட்டிங்ஸில் ‘ரிக்கவரி’ போய்ப் பழையதற்குத் திரும்பலாம். இடம் பிடிக்கிறதே என்று விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை அழித்தால் அந்த வழி அடைந்துவிடும். விண்டோஸிலேயே உள்ள டிஐஎஸ்எம் என்ற கட்டளையால் அந்தக் கெடுவை 60 நாள் வரை நீட்டலாம். நீட்டுவதை 10 நாள் முடியும் முன் செய்ய வேண்டும்.

விண்டோஸ் 10-லேயே இருப்போம் என்பவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை, வழி தெரிந்து இருங்கள் என்கிறோம். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் உண்டு. கட்டணம் 30 டாலர். செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் காப்பு எடுத்தால் இலவசம். விண்டோஸ் 10 22ஹெச்2 பதிப்பாக இருக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு வரும், ஒரு கணக்கில் 10 கணினி வரை சேர்க்கலாம். அலுவலக டொமைனில் (மையமாக நிர்வகிக்கும் வலையில்) இணைந்த கணினிகளுக்கு இந்தத் திட்டம் செல்லாது. ஆஃபீஸ் 2016, 2019 இரண்டின் ஆதரவும் அதே 2025 அக்டோபர் 14-ல் நின்றது என்பது பலர் காதில் விழவில்லை. இதெல்லாம் இல்லாமலும் கணினி ஓடும். விண்டோஸ் 7-ம் 2020 ஜனவரிக்குப் பிறகு ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2023 பிப்ரவரியில் குரோம் 110 வந்து அதைக் கைவிட்டதும், தளங்கள் ஒவ்வொன்றாக முகம் திருப்பின.

நிறுவல் பென் டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் போன்ற கருவியால் நிபந்தனைகளைத் தாண்டி ஏற்றித் தருகிறோம் என்ற விளம்பரங்களைப் பார்க்கிறோம். ஆறாம் ஏழாம் தலைமுறைக் கணினியில் ஓடவும் ஓடுகிறது. வீட்டில் படம் பார்க்க, பாடம் படிக்கப் பரவாயில்லை. ஆண்டுதோறும் வரும் புதிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும். கணக்கு, கையொப்பம், வங்கி வேலை நடக்கும் கணினியில் இது வேண்டாம். கோர் 2 டுவோ என்ற மிகப் பழைய செயலி உள்ள கணினியில் 24ஹெச்2 எழவே எழாது. அதற்கு வேண்டிய கட்டளை அந்தச் செயலியிலேயே இல்லை.

2011 முதல் மாணவர்களுக்கு அரசு வழங்கிய இலவச மடிக்கணினிகளில் பழைய தொகுதிகள் மேலே சொன்ன பட்டியலில் வராது. பரணில் கிடக்கும் அவற்றில் எஸ்எஸ்டி ஒன்று போட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால், 4 ஜிபி ராமிலும் உலாவி, லிப்ரே ஆஃபீஸ், தமிழ்99 தட்டச்சு எல்லாம் சுகமாக ஓடும். பள்ளிக்கூட ஆய்வகத்துக்கு இது போதும். ஒரே எச்சரிக்கை பிரிண்டர். நம் ஊரில் மூலைக்கு மூலை இருக்கும் கேனன் எல்பிபி2900 லினக்ஸில் லேசில் மசியாது. விண்டோஸ் 11-ல் அது 64 பிட் டிரைவரோடு ஒழுங்காக அச்சடிக்கும்.

ஆக, 2018-க்குப் பிந்தைய செயலியும் எஸ்எஸ்டி-யும் 8 ஜிபி ராமும் உள்ள மேசையில் விண்டோஸ் 11 தேறிவிட்டது என்று சொல்ல எங்களுக்குத் தயக்கம் இல்லை. அதற்கு முந்தைய மேசைகளைப் பொறுத்தவரை, அது தேர்வு எழுதவே இல்லை.

கூட்டுறவுச் சங்கங்களும் பள்ளிகளும் கணினிகளை ஒட்டுமொத்தமாகக் கழித்துவிட்டுப் புதிது வாங்க டெண்டர் தயாரிப்பதாகக் கேள்விப்படுகிறோம். டெண்டருக்கு முன் ஒவ்வொரு கணினியிலும் எம்எஸ்இன்ஃபோ32-ஐத் திறந்து செயலியின் பெயர், பயோஸ் மோட், ராம், வட்டு நான்கையும் ஒரு தாளில் குறித்துவிடுங்கள். கணினிக்கு ஐந்து நிமிடம் ஆகும். பிடிடி-யை இயக்கினால் போதும் என்பவை, எஸ்எஸ்டி போட்டால் போதும் என்பவை, லினக்ஸுக்குப் போக வேண்டியவை என்று பிரித்த பிறகு மிஞ்சுவதற்கு மட்டும் டெண்டர் விடுங்கள். கழிக்கும் கணினிகளிலிருந்து வட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். மாற்றும் வேலையை மார்ச் கணக்கு முடிப்பிலோ ஆடி மழையிலோ வைத்துக்கொள்ள வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் செய்யலாம்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்குநர்கள் சிலர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.